இலவச எரிவாயுவின் விலை



அழைப்பிதழில் என் பேச்சுக்குச் ‘சோவியத்துக்குப் பிந்தைய பதினைந்து நாடுகள்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். ஒரு மாலைப் பொழுதுக்குள் பதினைந்தையும் சொல்லப் புகுந்தால், பேருந்து நடத்துநர் நிறுத்தங்களைக் கூவிக்கொண்டே போவது போல ஆகிவிடும். நான் ஒரே நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறேன். மால்டோவா. ருமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் நடுவே, கடலைத் தொட்டும் தொடாமலும் கிடக்கும் சின்ன நாடு. 2024 கணக்கெடுப்பின்படி 24 லட்சம் பேர். திராட்சையும் ஒயினும்தான் அதன் பெருமை. மற்ற ஊர்களை அங்கிருந்தே எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

2025 ஜனவரி 1. உக்ரைன் மண் வழியாக ரஷ்ய எரிவாயு போவதற்கான ஐந்தாண்டு ஒப்பந்தம் அன்று காலாவதியானது. போரில் இருக்கும் உக்ரைன் அதைப் புதுப்பிக்க மறுத்திருந்தது. மால்டோவாவின் கிழக்கு ஓரத்தில், நீஸ்டர் ஆற்றின் இடது கரையில், டிரான்ஸ்நிஸ்ட்ரியா என்று ஒரு நீளத் துண்டு நிலம் இருக்கிறது. அங்கே அடுக்குமாடி வீடுகளில் சன்னலுக்குக் கீழே இருக்கும் இரும்பு ரேடியேட்டர்கள் அன்றே சில்லிட்டுப் போயின. ஊருக்கெல்லாம் ஒரே இடத்தில் தண்ணீரைக் காய்ச்சிக் குழாயில் வீடு வீடாக அனுப்புவது சோவியத் காலத்து ஏற்பாடு. அந்த ஒரு இடத்தில் அடுப்பு அணைந்தால் ஊரே குளிரும். வெப்பம் விநியோகிக்கும் நிறுவனம் மக்களுக்கு ஓர் அறிவிப்புக் கொடுத்தது: கனமான உடை உடுத்துங்கள், குடும்பம் முழுவதும் ஒரே அறையில் இருங்கள், சன்னல்களிலும் பால்கனிக் கதவிலும் கம்பளியைத் தொங்கவிடுங்கள். உணவு தயாரிக்கும் ஆலைகள் தவிர மற்ற ஆலைகள் எல்லாம் நின்றன. மக்கள் விறகு தேடிப் போனார்கள். சில நாளில் மின்வெட்டும் சேர்ந்துகொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாஸ்கோவைத் தங்கள் காவலாகக் கருதிய பகுதி இதுதான். அவர்கள் கொடியில் இன்றைக்கும் அரிவாள் சுத்தியல் இருக்கிறது. தெருவில் லெனின் நிற்கிறார். ரஷ்யப் படையினர் ஆயிரத்து ஐந்நூறு பேர் அளவில் அங்கே இருக்கிறார்கள். துருக்கி வழியாக எரிவாயு அனுப்ப வேறு பாதை இருந்தது. ஆனால் ரஷ்யாவின் காஸ்ப்ரோம் நிறுவனம் அனுப்பவில்லை. மால்டோவா 70 கோடியே 90 லட்சம் டாலர் பாக்கி வைத்திருக்கிறது, அதைத் தீர்த்தால்தான் என்றது. மால்டோவா அரசு அந்தப் பாக்கியை வெளிநாட்டுத் தணிக்கையாளர்களை வைத்து ஏற்கெனவே சரிபார்த்திருந்தது. அவர்கள் கணக்கில் சட்டப்படி ஒப்புக்கொள்ளத்தக்க கடன் 86 லட்சம் டாலர்தான். எழுபது கோடி எங்கே, எண்பத்தாறு லட்சம் எங்கே! இந்தப் பற்றுவரவுச் சண்டையில் குளிரில் கிடந்தது மாஸ்கோவின் சொந்தப் பிள்ளைகள்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். 1940-இல், ஹிட்லருடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் துணையோடு, ஸ்டாலின் ருமேனியாவிடமிருந்து பிடுங்கிய நிலம், ஆற்றின் வலது கரையில் இருக்கும் மால்டோவா. மக்கள் பேசியது ருமேனிய மொழி. அது ருமேனியம் இல்லை, ‘மால்டோவியம்’ என்ற தனி மொழி என்றார்கள். ரஷ்ய எழுத்தில் எழுத வைத்தார்கள். 1989 ஆகஸ்டு 27-இல் தலைநகர் கிஷினாவில் லட்சக்கணக்கானோர் கூடினார்கள்; ஆகஸ்டு 31-இல் லத்தீன் எழுத்து திரும்பி வந்தது. அந்த நாளை இன்றும் மொழி நாளாக விடுமுறை விட்டுக் கொண்டாடுகிறார்கள். அவர்களுடைய நாட்டுப்பண்ணின் பெயரும் ‘நம் மொழி’தான். நாட்டை வாழ்த்துவதற்குப் பதில் மொழியை வாழ்த்தும் பாட்டு. இந்த அவைக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆற்றின் இடது கரையில் ரஷ்யரும் உக்ரைனியரும் அதிகம், ஆலைகளும் அங்கேதான். ருமேனியாவோடு இணைத்துவிடுவார்கள் என்ற அச்சம், இருந்த அதிகாரத்தை விட மனமில்லாத ஆலை நிர்வாகிகள், பக்கத்திலேயே கூடாரம் போட்டிருந்த சோவியத் 14-ஆம் ராணுவம் என்று எல்லாம் சேர்ந்து 1992-இல் சில மாதப் போர் நடந்தது. ஜூலையில் சண்டை நின்றது. அன்று தங்கிய ரஷ்யப் படை இன்னும் போகவில்லை. 1999-இல் இஸ்தான்புல் மாநாட்டில் திரும்பப் பெறுவதாக ரஷ்யா கையெழுத்துப் போட்டது, அதோடு சரி. டிரான்ஸ்நிஸ்ட்ரியாவை ஐ.நா. உறுப்பு நாடு எதுவும் தனி நாடாக ஏற்கவில்லை. ரஷ்யாவும் ஏற்கவில்லை.

ஆதிக்கம் என்றதும் நமக்கு டாங்கியும் துப்பாக்கியும் நினைவுக்கு வருகின்றன. இங்கே அது வந்த வழி வேறு. அது ஒரு வியாபாரம், அழகான வியாபாரம். சொல்கிறேன், கேளுங்கள்.

காஸ்ப்ரோம் டிரான்ஸ்நிஸ்ட்ரியாவுக்கு எரிவாயு அனுப்பும். டிரான்ஸ்நிஸ்ட்ரியா பணம் கொடுக்காது. அந்தக் கடன் முழுக்க மால்டோவா எரிவாயு நிறுவனத்தின் பேரேட்டில் ஏறும். அந்த நிறுவனத்தில் பாதிப் பங்கு காஸ்ப்ரோமுக்கே! இலவசமாக வந்த எரிவாயுவை அங்குள்ள குச்சுர்கான் மின்நிலையத்தில் எரித்து மின்சாரம் எடுப்பார்கள். அந்த மின்நிலையமும் ரஷ்ய நிறுவனத்துக்குச் சொந்தம். அந்த மின்சாரத்தை ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் மால்டோவாவுக்கே விற்பார்கள். மலிவு, ஆகையால் மால்டோவாவும் வாங்கும். வந்த காசில் டிரான்ஸ்நிஸ்ட்ரியா அரசு ஓய்வூதியம் கொடுக்கும், காவலருக்குச் சம்பளம் கொடுக்கும். தன் நாட்டைப் பிளந்து வைத்திருக்கும் ஆட்சிக்குத் தன் மின்கட்டணத்தாலேயே சோறு போட்டது மால்டோவா. பல ஆண்டுகளாக!

ஐரோப்பாவிலிருந்து வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ருமேனியாவிலிருந்து வந்த பெரிய உயர் அழுத்த மின்தடமும் அதே குச்சுர்கானைத் தொட்டுத்தான் தலைநகருக்குப் போனது. சோவியத் பொறியாளர் வரைபடம் போட்டபோது அது ஒரே நாடு. கம்பி எந்தக் கரை வழியாகப் போனால் என்ன என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

இந்த ஏற்பாட்டில் கொழுத்தவர்கள் ரஷ்யர் மட்டும் இல்லை. டிரான்ஸ்நிஸ்ட்ரியாவில் ‘ஷெரிஃப்’ என்று ஒரு நிறுவனம். சோவியத் காலப் பாதுகாப்புத் துறையில் இருந்தவர்கள் தொடங்கியது. பெட்ரோல் பங்கு அவர்களுடையது, பல்பொருள் அங்காடி அவர்களுடையது. கால்பந்து அணியும் உண்டு. 2021 செப்டம்பரில் அந்த அணி மாட்ரிட் நகருக்கே போய் ரியால் மாட்ரிட்டை 2-1 என்று தோற்கடித்தது. உலகம் வாயைப் பிளந்தது. யாரும் ஏற்காத நாட்டின் அணி ஐரோப்பாவின் மகா கோப்பையில் ஆடியது மால்டோவாவின் பெயரில். அங்கிருந்து ஏற்றுமதியாகும் சரக்கில் பெரும்பகுதியும் மால்டோவாவின் சுங்க முத்திரையோடு ஐரோப்பிய ஒன்றியத்துக்குத்தான் போனது. கொடியில் அரிவாள் சுத்தியல், கல்லாவில் யூரோ. நான் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. மாஸ்கோவின் செல்வாக்கு என்று நாம் சொல்வது எங்கேயும் உள்ளூரில் ஒருவருக்கு லாபமாக இருந்தால்தான் நிற்கும்.

இனி வலது கரைக்கு வருவோம். இங்கே கதை இன்னும் சிக்கல். ரஷ்ய ஆதரவுக் கட்சி கெட்டது, ஐரோப்பிய ஆதரவுக் கட்சி நல்லது என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. மால்டோவாக்காரர்கள் அதைக் கேட்டால் சிரிப்பார்கள். 2014-இல் அங்கே மூன்று வங்கிகளிலிருந்து ஏறக்குறைய நூறு கோடி டாலர் மாயமானது. நாட்டின் ஆண்டு உற்பத்தியில் எட்டில் ஒரு பங்கு. யாருக்கு யார் கடன் கொடுத்தார்கள் என்ற காகிதங்களை ஏற்றிச் சென்ற வேன் திருடுபோய், எரிந்த நிலையில் கிடைத்தது. அப்போது ஆட்சியில் இருந்தவர்கள் ‘ஐரோப்பா, ஐரோப்பா’ என்று மூச்சுக்கு மூச்சு சொன்ன கூட்டணியினர். அவர்களில் முன்னாள் பிரதமர் ஒருவர், விளாத் ஃபிலாத், பிறகு சிறைக்குப் போனார். பின்னாளில் அரசையே பின்னணியில் இருந்து ஆட்டிவைத்த பணக்காரர் விளாத் பிளாஹோட்னியுக்கும் தம்மை ஐரோப்பாவின் நண்பர் என்றே சொல்லிக்கொண்டார். திருட்டு வழக்கில் தண்டிக்கப்பட்ட இலான் ஷோர் நாட்டை விட்டு ஓடி, கடைசியில் மாஸ்கோவில் தஞ்சம் புகுந்தார். அவரை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவார்.

2019 ஜூனில் ஒரு விந்தை நடந்தது. பிளாஹோட்னியுக்கை வீழ்த்த, ரஷ்ய ஆதரவாளரான இகோர் டோடோனின் சோசலிஸ்டுகளும் மாயா சாண்டுவின் ஐரோப்பிய ஆதரவு அணியும் கைகோத்தன. ஒரு வாரம் நாட்டில் இரண்டு அரசாங்கங்கள் இருந்தன. மாஸ்கோ, பிரஸ்ஸல்ஸ், வாஷிங்டன் மூன்றும் ஒரே பக்கம் நின்றன. பிளாஹோட்னியுக் நாட்டை விட்டுப் பறந்தார். எனக்குத் தெரிந்து இந்த மூன்று தலைநகரங்களும் அண்மைக் காலத்தில் ஒத்துப்போன இடம் அது ஒன்றுதான்.

மாயா சாண்டுவைப் பற்றி ஒரு சங்கதி சொல்லியாக வேண்டும். உலக வங்கியில் வேலை பார்த்தவர். 2012-இல் கல்வி அமைச்சரானார். பள்ளி இறுதித் தேர்வு அறைகளில் கேமரா வைத்தார். பார்த்து எழுதுவது நின்றது, தேர்ச்சி விகிதம் சரிந்தது, பெற்றோர் கொதித்தார்கள். அரசியலில் அவருக்குக் கிடைத்த முதல் பெயர் அது. 2016 அதிபர் தேர்தலில் டோடோனிடம் தோற்றார். 2020-இல் அவரையே வென்றார்.

இந்த நாட்டில் நான் மதிப்பது சாண்டுவைக்கூட இல்லை. 1996-இல் அதிபர் ஸ்நேகூர் தோற்றார், வீட்டுக்குப் போனார். 2009-இல் கம்யூனிஸ்ட் கட்சியின் வொரோனின், கலவரமும் நாடாளுமன்றக் கட்டடத்தில் தீயுமாக கொந்தளிப்பான அந்த ஆண்டில், பெரும்பான்மையை இழந்தார், விலகினார். 2020-இல் டோடோன் விலகினார். தோற்றவர் வீட்டுக்குப் போகும் பழக்கம் அங்கே சாண்டுவுக்கு முன்பே இருந்தது. பழைய சோவியத் நாடுகளில் இது எவ்வளவு அரிது என்று பாருங்கள். பெலாரஸில் லுகாஷென்கோ 1994-இல் வந்தார், இன்னும் இருக்கிறார். அசர்பைஜானில் அப்பாவுக்குப் பிறகு மகன். துர்க்மெனிஸ்தானிலும் அதுவே. மால்டோவாவில் ஏன் அப்படி ஆகவில்லை? என் எண்ணத்தில், அங்கே எண்ணெயும் இல்லை, எரிவாயுவும் இல்லை. ஒரே ஆள் பிடித்து வைத்துக்கொள்ளப் பெரிய பொக்கிஷம் எதுவும் இல்லை. சமூகமும் மொழியால், திசையால் பிளந்து கிடந்தது; எவராலும் மொத்தத்தையும் விழுங்க முடியவில்லை. ஏழ்மை ஒரு காவலாக இருந்திருக்கிறது.

2021 இலையுதிர் காலத்தில் முதல் நெருக்கடி வந்தது. சாண்டுவின் கட்சி நாடாளுமன்றத்தில் 101-க்கு 63 இடம் பெற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. காஸ்ப்ரோம் ஒப்பந்தம் முடிந்தது, விலை எகிறியது, அளவு குறைந்தது. அரசு நெருக்கடி நிலை அறிவித்தது. போலந்திலிருந்து பத்து லட்சம் கன மீட்டர் வாங்கினார்கள். ஒரு நாளைக்குக்கூடக் காணாத அளவு.  ரஷ்யா அல்லாத இடத்திலிருந்தும் வாங்க முடியும் என்று காட்டுவதற்காக வாங்கினார்கள். பிறகு காஸ்ப்ரோமோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டார்கள். ஆனால் அதற்குள் ருமேனியாவின் யாஷ் நகரிலிருந்து கிஷினாவுக்கு வரும் எரிவாயுக் குழாய் தயாராகியிருந்தது. பல ஆண்டுகள் இழுத்தடித்து, பாதியில் நின்று, கேலிக்கு உள்ளாகிக் கட்டி முடித்த குழாய்.

அடுத்தது 2022 பிப்ரவரி 24. உக்ரைனும் மால்டோவாவும் சோவியத் காலத்து மின்தொகுப்பிலிருந்து மூன்று நாள் பரிசோதனையாகத் தங்களைத் துண்டித்துக்கொள்ள முன்பே குறித்திருந்த நாள் அது. நள்ளிரவு தாண்டி இணைப்பைத் துண்டித்தார்கள். சில மணி நேரத்தில் ரஷ்ய ஏவுகணைகள் விழத் தொடங்கின. திரும்ப இணைக்கிற பேச்சே எழவில்லை. மார்ச் 16-இல் இரு நாடுகளும் ஐரோப்பிய மின்தொகுப்பில் சேர்ந்தன. ஓராண்டுக்கு மேல் ஆகும் என்று திட்டமிட்டிருந்த வேலையை மூன்று வாரத்தில் முடித்தார்கள். 2022 டிசம்பரிலிருந்து வலது கரை ரஷ்ய எரிவாயுவை எரிக்கவில்லை.

ஜனநாயகத்தைப் பற்றிப் பேச வந்தவன் குழாயையும் கம்பியையும் பற்றியே பேசுகிறானே என்று நினைக்கலாம். ஒரு குடும்பத்தலைவி வாக்குச்சாவடிக்குப் போகும்போது அவள் மனத்தில் இருப்பது ஐரோப்பியக் கொடியா, குளிர்காலக் கட்டணச் சீட்டா? குழாயின் வால்வு இன்னொருவன் கையில் இருக்கும்வரை அவள் போடுவது பாதி வாக்குதான். விலை ஓராண்டில் பல மடங்கானபோது அரசு கட்டணத்தில் ஒரு பங்கைத் தானே ஏற்றது. ஐரோப்பிய உதவி இல்லாமல் அதைச் செய்திருக்க முடியாது. 2022 இலையுதிரில் தலைநகரில் கூடாரம் போட்டுப் போராட்டம் நடந்தது. கூட்டம் சேர்க்கப் பணம் கொடுத்தது யார்? ஷோர். வருவார் என்று சொன்னேன் அல்லவா!

2024 அக்டோபர் 20. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதை அரசமைப்பில் எழுதலாமா என்று பொது வாக்கெடுப்பு, கூடவே அதிபர் தேர்தல். ரஷ்ய வங்கிக் கணக்குகள் வழியாக ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேர் அளவுக்குப் பணம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று மால்டோவா காவல்துறை கணக்குச் சொன்னது. ஷோர் டெலிகிராமில் ஒளிவுமறைவில்லாமல் விலை பேசினார். ஒரு வாக்குச்சாவடி வாசலில் வாக்குப் போட்டுவிட்டு வந்த பெண் ஒருவர், அங்கே நின்ற பி.பி.சி. செய்திக் குழுவினரிடமே, வாக்களித்தால் தருவதாகச் சொன்ன பணம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்.

சிரிக்கிறீர்கள். எதற்கென்று எனக்கும் தெரியும்.

பொது வாக்கெடுப்பின் முடிவு 50.35 சதவீதம் ஆம். வித்தியாசம் பத்தாயிரத்துச் சொச்சம் வாக்கு. இல்லை என்ற எல்லோரையும் விலைக்குப் போனவர்கள் என்று ஒதுக்கினால் அது பெரிய தவறு. தெற்கே காகவுஸ் மக்கள் வாழும் தன்னாட்சிப் பகுதி இருக்கிறது. துருக்கிய மொழி பேசும் கிறிஸ்தவர்கள். அங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவில் இல்லை என்றார்கள். ருமேனிய மொழி நாட்டில் தங்களுக்கு இடம் சுருங்கும் என்ற அச்சம் அவர்களுக்கு. அவர்கள் பார்ப்பது ரஷ்ய மொழித் தொலைக்காட்சி. பலர் வீட்டில் மகனோ மகளோ ரஷ்யாவில் வேலை பார்த்துப் பணம் அனுப்பியவர்கள். மால்டோவாவின் பெரும்பாலான கோவில்களும் மாஸ்கோ பேராயத்தின் கீழ்தான். இந்த அச்சத்தோடு கிஷினாவ் இதுவரை நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியதாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. 2025 செப்டம்பர் 28 நாடாளுமன்றத் தேர்தலில் இத்தாலியில் வாழும் மால்டோவாக்காரர்களுக்கு 75 வாக்குச்சாவடி. அவ்வளவு பெரிய ரஷ்யாவில் இரண்டே இரண்டு. டிரான்ஸ்நிஸ்ட்ரியா மக்களுக்கு 12. வாக்குப்பதிவுக்கு இரண்டு நாளுக்கு முன் இரண்டு கட்சிகளைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். சட்டவிரோதப் பணம் என்ற காரணத்தை நான் மறுக்கவில்லை, பணம் வந்திருக்கும். ஆனால் இந்தக் கருவியை இன்னொரு நாள் இன்னொருவர் கையில் எடுத்தால்? நல்லவர் கையில் இருக்கிறது என்பதால் கத்தி மழுங்கிப் போகாது.

இந்த இடத்தில் நாம் ஜார்ஜியாவை எட்டிப் பார்க்க வேண்டும். கணக்குப்படி பார்த்தால் ஜார்ஜியா முந்தியிருக்க வேண்டும். எரிவாயுவின் பெரும்பகுதி அசர்பைஜானிலிருந்து வருகிறது. 2008 ஆகஸ்டில் ரஷ்யாவோடு ஐந்து நாள் போர் நடந்த நாடு. நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அப்காசியாவும் தெற்கு ஒசெத்தியாவும், ரஷ்யப் படையின் பிடியில். மக்களுக்கு மாஸ்கோ மேல் மால்டோவாக்காரர்களுக்கு உள்ள மயக்கம் எதுவும் கிடையாது. 2003 ரோஜாப் புரட்சியில் ஆட்சிக்கு வந்த சாகாஷ்விலி, லஞ்சத்தில் ஊறிய போக்குவரத்துக் காவலர்களை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பிப் பேர் வாங்கினார். பிறகு அவரே கடுமையாகிப் போனார். சிறையில் கைதிகள் வதைபடும் காணொளி வெளியாகி 2012-இல் தோற்றார். தோல்வியை ஒப்புக்கொண்டார். தேர்தல் வழியாக ஆட்சி கைமாறியது சுதந்திர ஜார்ஜியாவில் அதுவே முதல் முறை.

வந்தவர் பிட்சினா இவானிஷ்விலி. 1990-களில் ரஷ்யாவில் பெரும் பணம் சேர்த்தவர். ஒரே ஆண்டு பிரதமராக இருந்துவிட்டுப் பின்னுக்குப் போனார். தலைநகர் திபிலிசிக்கு மேலே மலையில் கண்ணாடி மாளிகையில் இருந்தபடியே நாட்டை நடத்துகிறார் என்பார்கள். 2024 தேர்தலில் அவருடைய ‘ஜார்ஜியக் கனவு’ கட்சி ஒட்டிய சுவரொட்டியைப் படத்தில் பார்த்தேன். ஒரு பாதியில் இடிந்து கருகிய உக்ரைன் கட்டடம், கறுப்பு வெள்ளையில். மறு பாதியில் புத்தம் புதிய ஜார்ஜியக் கட்டடம், வண்ணத்தில். போர் வேண்டாம், அமைதியைத் தேர்ந்தெடுங்கள் என்று வாசகம். அந்தச் சுவரொட்டிக்கு மாஸ்கோ ஒரு காசும் செலவழிக்க வேண்டியதில்லை. 2008-இன் பீதியே போதும்.

2024 வசந்தத்தில் அயல்நாட்டு நிதி பெறும் அமைப்புகளைப் பதிவு செய்ய வைக்கும் சட்டம் வந்தது. 2012-இல் ரஷ்யா போட்ட சட்டத்தின் சாயல். நவம்பர் 28-இல், ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் பேச்சை 2028 முடியும்வரை எடுக்கப்போவதில்லை என்று பிரதமர் அறிவித்தார். அன்றிரவு திபிலிசியின் ரூஸ்தவேலி சாலையில் கூடிய கூட்டம், ஓராண்டு கடந்தும் இரவுதோறும் கூடியது. எதிர்க்கட்சிக்காரர்கள் இவானிஷ்விலியை ரஷ்யாவின் ஆள் என்கிறார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. தோற்றால் வழக்கும் சிறையும் காத்திருக்கின்றன என்று அஞ்சும் எந்தப் பணக்காரரும் இதைத்தான் செய்வார். சாகாஷ்விலி 2021-இல் நாடு திரும்பியதும் சிறைக்குப் போனதை இவானிஷ்விலியும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்! மாஸ்கோ அவருக்குக் கட்டளையிட்டிருக்க வேண்டியதில்லை. அவருடைய நலனும் மாஸ்கோவின் நலனும் ஒரே வாசலில் சந்தித்துக்கொண்டன.

கிர்கிஸ்தானைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலருக்கு அந்த நாடு ‘ஜமீலா’ எழுதிய ஐத்மாத்தவ் வழியாக, மலிவு விலைச் சோவியத் பதிப்புகளில் அறிமுகம். இன்றைக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் மருத்துவம் படிக்கப் பிஷ்கெக் போகிறார்கள். 2005, 2010, 2020 என்று மூன்று முறை மக்கள் அதிபரைத் துரத்திய நாடு. 2010 ஏப்ரல் 1-இல் ரஷ்யா எரிபொருளுக்கு ஏற்றுமதி வரி போட்டது; ஏப்ரல் 7-இல் அதிபர் பாகியேவின் ஆட்சி கவிழ்ந்தது. வரியால் மட்டும் கவிழ்ந்தது என்று சொல்லமாட்டேன், உள்ளூர்க் கோபம் முன்பே கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்த ஜூனில் ஓஷ் நகரில் இனக் கலவரம் வெடித்து நூற்றுக்கணக்கானோர் செத்தபோது, படை அனுப்புங்கள் என்று இடைக்கால அரசு மாஸ்கோவைக் கேட்டது. உள்நாட்டு விவகாரம் என்று மாஸ்கோ மறுத்துவிட்டது. 2020-இல் சிறையிலிருந்து கூட்டத்தால் மீட்கப்பட்ட சதிர் ஜபாரோவ், பத்து நாளில் தற்காலிக அதிபர். 2024 ஏப்ரலில் ரஷ்ய அச்சிலேயே அயல்நாட்டு நிதிச் சட்டம் ஒன்றில் கையெழுத்திட்டார். துரத்தத் தெரிந்த மக்களுக்கு, தோற்று வீட்டுக்குப் போகிற ஆள் கிடைக்கவில்லை.

பால்டிக் நாடுகள் மூன்றும் தப்பிவிட்டன என்பார்கள். 2004-இலேயே ஐரோப்பிய ஒன்றியத்திலும் நேட்டோவிலும் சேர்ந்தவை. 2014-இல் லித்துவேனியா கடல் வழியே திரவ எரிவாயு இறக்க ஒரு மிதவைக் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தியது. அதற்கு வைத்த பெயர் ‘சுதந்திரம்’. அப்படிப்பட்டவர்களுக்கே மின்தொகுப்பு மாஸ்கோவின் தாளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2025 பிப்ரவரியில்தான் அந்தக் கம்பியை அறுத்து ஐரோப்பாவோடு இணைந்தார்கள். ஒன்றியத்தில் சேர்ந்து இருபது ஆண்டு கழித்து!

திரும்பவும் டிரான்ஸ்நிஸ்ட்ரியாவுக்கு வருகிறேன். அங்கே குளிரில் கிடந்தவர்கள் என்ன ஆனார்கள்? பிப்ரவரி தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் பத்து நாளைக்கு அவசர எரிவாயு கொடுத்தது. மேலும் 6 கோடி யூரோ தருகிறோம், கட்டணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உண்மை விலைக்குக் கொண்டுவாருங்கள், மனித உரிமையில் சில திருத்தம் செய்யுங்கள் என்றது. டிரான்ஸ்நிஸ்ட்ரியா நிர்வாகம் வேண்டாம் என்றுவிட்டது. அதற்குப் பதில் ரஷ்யக் கடனில், துபாய் நிறுவனம் ஒன்றின் வழியாக, ஐரோப்பிய நிறுவனம் ஒன்றிடம் எரிவாயு வாங்கினார்கள். ரேடியேட்டர்கள் மறுபடி சூடாயின. ஆனால் இந்த முறை மால்டோவா அந்த மின்சாரத்தை வாங்கவில்லை. ருமேனியாவிலிருந்து வாங்கியது; விலை அதிகம், மக்கள் முணுமுணுத்தார்கள், கட்டினார்கள்.

அந்தக் கட்டணச் சீட்டோடுதான் அவர்கள் செப்டம்பர் 28 அன்று வாக்களிக்கப் போனார்கள். சாண்டுவின் கட்சி 50 சதவீதத்தைச் சற்றே தாண்டி 55 இடம் பெற்றது. டோடோன் இருந்த அணிக்கு 26. முடிவு வருவதற்குள்ளேயே தாமே வென்றதாகச் சொன்ன டோடோன், மறுநாள் மதியம் நாடாளுமன்றத்தின் முன் திரளுமாறு ஆதரவாளர்களை அழைத்தார். சிறு கூட்டம் வந்தது, கலைந்தது. சில வாரம் கழித்துப் புதிய நாடாளுமன்றம் கூடியபோது, டோடோன் உறுப்பினராக எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தார்.